வெந்நீர் விசாரணைக் குழு

மொசுபாட்சே ஆஸ்பத்திரியின் சலவை இயந்திரம் ஜூன் மாதம் ஒன்பதாம் தேதி காலை ஏழே முக்காலுக்குத் தண்ணீரைச் சூடாக்குவதை நிறுத்திக்கொண்டது. என்ன கோளாறு என்பது எட்டு மணிக்கே தெரிந்துவிட்டது. கோளாறு இருக்கிறது என்று மாவட்டப் பராமரிப்பு இலாகா ஒப்புக்கொண்ட நாள் நவம்பர் இருபத்தொன்று. இடைப்பட்ட ஐந்தரை மாதத்தில் நடந்த எல்லாவற்றையும் எழுத்தில் பதிந்தவன் நான். ஆகவே யாரும் இதை ஊர் வம்பு என்று தள்ளிவிட முடியாது. எல்லாக் காகிதத்துக்கும் என்னிடம் நகல் இருக்கிறது. ஒரே ஒரு காகிதத்துக்குத்தான் இல்லை. அது ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் பெயர் ஒலெபிலே. ஆஸ்பத்திரிக் குமாஸ்தா. கூட்டம் நடந்தால் குறிப்பெடுப்பேன், நடக்காவிட்டால் அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு அடிப்பேன். கலஹாரி மணலில் இருக்கும் எங்கள் ஊரில் ஜூன் மாத விடியற்காலையில் வாளித் தண்ணீரின் மேல் பனி ஏடு கட்டியிருக்கும். அப்படிப்பட்ட ஒரு காலையில்தான் சலவைக்கூடத்து ம்மா போனோலோ தன் வழக்கப்படி இயந்திரத்தின் கண்ணாடிக் கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பதினோரு வருஷமாக அவருக்கு அந்தக் கைதான் வெப்பமானி. (எங்கள் பேச்சில் பெண்களை மரியாதையாக 'ம்மா' என்போம், ஆண்களை 'ரா' என்போம்.)

"செபாகோ! இங்க வா. இந்தக் கழுதை முக்கா மணி நேரமாச் சுத்துது, கண்ணாடி இன்னும் ஜில்லுன்னு இருக்கு."

செபாகோ ஆஸ்பத்திரியின் மெக்கானிக். கதவுத் தாழ்ப்பாள் முதல் ஆம்புலன்ஸ் வரை அவன் கைதான். பிளக்கைப் பிடுங்கினான். இயந்திரத்தைச் சுவரிலிருந்து நகர்த்தி முதுகுத் தகட்டைக் கழற்றினான். அடியில், தொட்டிக்குள் நுழையும் ஹீட்டரின் இரண்டு முனைகளிலிருந்தும் ஒயர்களை உருவிவிட்டு, மீட்டரின் இரண்டு ஊசிகளையும் அந்த முனைகளில் வைத்தான். மீட்டரில் எண் எதுவும் வரவில்லை. இடப்பக்கம் ஒரு கோடு மட்டும் நின்றது.

"காயில் அறுந்துபோச்சு ம்மா. ஹீட்டர் அவுட். நம்ம ஊரு போர் தண்ணியில சுண்ணாம்பு ஜாஸ்தி. அது மேல அப்பி அப்பி, சூடு வெளிய போக வழியில்லாம உள்ளயே வெந்துருச்சு."

"மாத்த எவ்வளவு நேரம் ஆகும்?"

"பதினஞ்சு நிமிஷம். நீங்க பேச்சுக் குடுத்தா இருபது."

"நான் வாயைத் திறக்கலை. மாத்து."

மாற்றியிருக்கலாம். இயந்திரத்தோடு வந்த உதிரி ஹீட்டர் ஒன்று, சலவைக்கூடத்திலிருந்து பன்னிரண்டு எட்டு தள்ளியிருந்த கிடங்கில், மூன்றாவது தட்டில், கண்ணாடித் தாளுக்குள் படுத்திருந்தது. கம்பி வலை ஜன்னல் வழியாகப் பார்த்தால் அதன் மேல் இலாகாவின் சிவப்பு முத்திரைகூடத் தெரியும். கிடங்கின் சாவி மட்டும் இருநூறு கிலோமீட்டர் தள்ளி, மாவட்டத் தலைநகரில், இலாகாத் தலைவர் ரா சுகுடுவின் இடுப்பு வளையத்தில் தொங்கியது. கோளாறு இன்னதென்று படிவம் பதினேழில் எழுதி, அதை இலாகா ஏற்றுக்கொண்டால்தான் சாவி வரும். முத்திரை இல்லாத ஹீட்டரை வெளியில் வாங்கி மாட்டினாலோ, மாட்டியவனுக்கு வேலை போகும். இதெல்லாம் எழுத்தில் இருக்கிறது. அடித்தவன் நான்தான்.

செபாகோ அன்றைக்கே படிவம் பதினேழை நிரப்பினான். "அளவீடு, எண்ணில் மட்டும்" என்ற கட்டத்தில், அறுந்த கம்பியின் தடைக்கு அளவே இல்லை என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை நினைவு வைத்து, "முடிவிலி" என்று எழுதினான்.

மூன்று வாரம் கழித்துப் படிவம் திரும்பி வந்தது. ஓரத்தில் பச்சை மை: "முடிவிலி ஓர் எண் அல்ல. மறுபடி அளந்து, எண்ணில் எழுதி அனுப்பவும்."

"அறுந்த கம்பிக்கு எண்ணு ஏதுய்யா? எண்ணு வந்தா அது அறுகலைன்னு அர்த்தம்!" என்று செபாகோ என்னிடம் கத்தினான். நான் என்ன செய்வேன்? கட்டம் போட்டவன் நான் இல்லை. கடைசியில் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, மூன்று இலக்கத்தில் அடங்கும் மிகப் பெரிய எண்ணாக இருக்கட்டும் என்று தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது என்று எழுதி அனுப்பினான்.

அதுவும் திரும்பி வந்தது. "கையேட்டின்படி இவ்வகை ஹீட்டரின் அளவு இருபத்தேழு ஓம். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது காட்டும் மீட்டரின் மனநிலை சந்தேகத்துக்குரியது. மீட்டரைச் சோதனைக்குக் கபரோன் அனுப்பவும்." மனநிலை என்றுதான் இருந்தது, என் கைச்சரக்கு இல்லை. ஜூலை பதினைந்தாம் தேதி மீட்டர், பஞ்சில் பொதியப்பட்டு, ரசீதோடு, நாட்டின் தலைநகரான கபரோனுக்குப் பஸ் ஏறியது.

இதற்குள் ம்மா போனோலோவின் கைகள் வெடித்துப் புண்ணாகிவிட்டன. பிரசவ வார்டின் விரிப்புகள் அறுபது டிகிரியில் துவைக்கப்பட வேண்டும் என்பது மேட்ரனின் சட்டம். அதில் ஒரு டிகிரி குறைந்தாலும் வார்டைப் பூட்டிவிட்டு, கர்ப்பிணிகளை மாவட்டத் தலைநகருக்கு ஏற்றி அனுப்பிவிடுவார். மேட்ரனைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் ஊரில் சட்டம் எதற்காக என்று தெரிந்து சட்டம் பேசிய ஒரே ஆள் அவர்தான்.

ஆகவே ம்மா போனோலோ விரிப்புகளை மூன்று கால் இரும்புப் பானைகளில் வேகவைத்தார். அவ்வளவு பெரிய பானை ஊரில் ஒரே இடத்தில்தான் உண்டு: ஈமச்சடங்குச் சங்கத்தில். சாவு விழுந்தால் வாரம் முழுக்கக் கூடும் ஊருக்குச் சமைக்க வைத்திருக்கும் பானைகள். சாவில்லாத வாரத்தில் நமக்கு. சாவு விழுந்தால் பானைகள் பாதி வேகலில் வண்டியேறிவிடும். ஊரில் யாரும் சாகாமல் இருந்தால்தான் ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறக்கலாம் என்ற நிலைமை. எண்பத்தெட்டு வயதான ஒரு பெரியவருக்கு இருமல் என்று கேள்விப்பட்டு, ம்மா போனோலோ தினமும் இஞ்சிக் கஷாயம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் வீட்டார் இன்றைக்கும் அதைப் பாசம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

"எனக்கு ஊர்ப் பிள்ளைங்க பத்தி மட்டும் கவலையில்லை, ஒலெபிலே," என்றார் ஒருநாள், புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வாமேக்கு நவம்பர்ல நாள் சொல்லியிருக்காங்க. அவளை நான் பெத்தது எங்க தெரியுமா? அந்த இருநூறு கிலோமீட்டர் ரோட்டுல, மாடு ஏத்துற லாரியில. பக்கத்துல ரெண்டு காளை நின்னுச்சு. எம் பொண்ணு அந்த ரோட்டுல போகக் கூடாது. அவ்வளவுதான்."

வாமே அவருடைய ஒரே மகள். நான் அதையும் குறித்துக்கொண்டேன். ஆனால் எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டம் இல்லை.

ஆகஸ்டில் இலாகா ஒரு குழு அமைத்தது: வெந்நீர் விசாரணைக் குழு. தலைவர் ரா சுகுடு. உடன் நீர்ப் பிரிவு, மின்சாரப் பிரிவு, வெப்பப் பிரிவு அதிகாரிகள் மூவர். இரண்டு வண்டிகளில் வந்து இறங்கினார்கள். ரா சுகுடு அகன்ற மனிதர். தூசு படாமலிருக்க முழங்கால் வரைக்கும் வெள்ளை மேலங்கி அணிந்திருப்பார். கருவியைத் தொட்டு அந்த அங்கி அழுக்கானதாகச் சரித்திரம் இல்லை.

முதலில் ஜெபம். பிறகு ரா சுகுடு எழுந்து, "எல்லா வரவேற்பு மரபுகளும் முடிந்துவிட்டதாகவே கொள்வோம்" என்று சொல்லிவிட்டு, நாற்பது நிமிஷம் எல்லா மரபுகளையும் ஒவ்வொன்றாக முடித்தார். பிறகு தேநீர், எண்ணெயில் பொரித்த மாவு உருண்டையான மக்வின்யா. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த மக்வின்யாவுக்காகவே நான் கூட்டங்களை எதிர்பார்த்திருந்தேன். அதன் பின்பே எல்லோரும் இயந்திரத்தின் முன்னால் வந்து நின்றார்கள்.

நீர்ப் பிரிவு அதிகாரி குழாயைத் திறந்தார். தண்ணீர் ஏறியது, அளவு வந்ததும் நின்றது. "தண்ணீர் வருகிறது. எங்கள் தரப்பில் குறையில்லை" என்று கையெழுத்துப் போட்டார். மின்சாரப் பிரிவு அதிகாரி ஹீட்டரின் முனைவரைக்கும் சோதனை விளக்கைப் பிடித்துப் பார்த்தார். எரிந்தது. "மின்சாரம் ஹீட்டரின் வாசல்வரை வருகிறது. உள்ளே போவதும் போகாததும் ஹீட்டரின் சொந்த விஷயம்" என்று அவரும் போட்டார். எல்லோரும் வெப்பப் பிரிவைப் பார்த்தோம். ஒல்லியான இளைஞர், கழுத்துப்பட்டை கட்டியிருந்தார்.

"நான் ஆய்வு செய்ய இயலாது. வெப்பம் நிகழ்ந்த பிறகுதான் எங்கள் பிரிவின் பொறுப்பு ஆரம்பிக்கிறது. இங்கே இதுவரை வெப்பம் நிகழவில்லை."

"அதைத்தானே ரா சொல்றோம்!" என்றார் ம்மா போனோலோ. "சூடு வரலை. ஏன் வரலைன்னு பாருங்க."

"வராத ஒன்றை எப்படிப் பார்ப்பது ம்மா? வரட்டும், அன்றைக்கே ஓடி வருகிறோம்."

ரா சுகுடு தொண்டையைச் செருமினார். "மூன்று பிரிவும் தத்தம் பகுதியில் குறையில்லை என்கின்றன. குறையில்லாத மூன்று பகுதிகளைக் கூட்டினால் குறையில்லாத முழுமைதான் வரும். ஆயினும் நாம் அவசரப்பட வேண்டாம். மக்களைக் கேட்போம்."

செபாகோ பக்கத்தில் நின்று முணுமுணுத்தான்: "அவசரமாம். குளிரே முடியப் போகுது."

மக்களைக் கேட்பது என்றால் எங்கள் பக்கத்தில் கோட்லா. மரக்கட்டை வேலியடித்த ஊர்ச்சபை. செப்டம்பரில் கூடியது. அவரவர் வீட்டு நாற்காலியைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். ரா சுகுடு கேட்ட கேள்வி, எழுத்துக்கு எழுத்து, இது: "ஆஸ்பத்திரிச் சலவையில் வெந்நீரின் இடம் என்ன என்பது பற்றி இந்த ஊரின் பார்வை யாது?"

ஒருவர் எழுந்து தன் மாடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி வேண்டும் என்றார். இன்னொருவர் இதே சபையில் ஆறு வருஷத்துக்கு முன்னால் சாலை கேட்டதை நினைவூட்டினார். கடைசியில் ம்மா போனோலோ எழுந்தார்.

"ஹீட்டர் அலமாரியில இருக்கு. சாவி உங்க இடுப்புல இருக்கு. மாத்தத் தெரிஞ்சவன் அதோ உக்காந்திருக்கான். இதுல ஊரை எதுக்கு ரா கேக்குறீங்க?"

சபை சிரித்தது. ரா சுகுடுவும் சிரித்தார். அவருக்குக் கோபமே வராது; அதுதான் அவரிடம் எனக்குப் பயம்.

"ம்மா போனோலோ கேள்வி கேட்டதை மனமார வரவேற்கிறேன். சாவியைத் திருப்புவது சுலபம். யார் வேண்டுமானாலும் திருப்பிவிடலாம். ஆனால் சுலபமானதைச் செய்வதற்கா உங்கள் வரிப்பணத்தில் ஓர் இலாகா? பதினைந்து நிமிஷத்தில் முடிகிற வேலையை மூன்று மாதமாக ஆலோசித்துக்கொண்டிருக்கிறோமே, அதில் உங்கள் மேல் எங்களுக்கு எவ்வளவு மரியாதை என்பதைப் பாருங்கள். பூலா!"

"பூலா!" என்று சபை திருப்பிக் கூவியது. மழை பெய்யட்டும் என்று பொருள். யார் பேசி முடித்தாலும் அப்படிக் கூவுவது எங்கள் பழக்கம், பேச்சு பிடித்ததா என்பது வேறு சமாச்சாரம். நான் குறிப்பேட்டில் எழுதினேன்: "ஊர் மக்கள் இலாகாவின் முயற்சியை ஒருமனதாக வாழ்த்தி முழக்கமிட்டனர்."

ம்மா போனோலோ வெளியே வாசலில் என்னை மடக்கினார்.

"நான் சொன்னதை எழுதினியா?"

"எழுதினேன் ம்மா. கொஞ்சம் சுருக்கி."

"எவ்வளவு சுருக்கி?"

நான் செருப்பைப் பார்த்தேன்.

"ரொம்ப நல்லாயிருக்கு. அந்த மக்வின்யாவைத் தின்னு தின்னு உனக்குக் கையும் வழுவழுன்னு ஆயிருச்சு." அவர் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் இறங்கியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இறுதிச் சோதனை அக்டோபர் பதினாறாம் தேதி நடந்தது. எங்கள் ஊர் அக்டோபரைப் பற்றி அதில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆடுகள் ஆம்புலன்ஸுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஆஸ்பத்திரித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர், மணல் மேல் கிடக்கும் கறுப்புக் குழாயில் முந்நூறு மீட்டர் வெயில் குடித்துவிட்டுத்தான் வரும். ஜெபம், மரபுகள், தேநீர், மதிய உணவு எல்லாம் முடிந்து குழு சலவைக்கூடத்துக்கு வந்தபோது மணி இரண்டு. நீர்ப் பிரிவு அதிகாரி குழாயைத் திறந்தார். தொட்டி நிரம்பியது. வெப்பப் பிரிவு இளைஞர் வெப்பமானியை உள்ளே விட்டார்.

"நாற்பத்து மூன்று டிகிரி! ரா, வெப்பம் நிகழ்ந்துவிட்டது!"

கைதட்டினார்கள். இளைஞருக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், அவர் பணிக்கு வந்து நான்கு வருஷத்தில் முதல் வெப்பம்.

"அது குழாயோட சூடு ரா!" என்று ம்மா போனோலோ முன்னால் வந்தார். "வெயில்ல காஞ்ச தண்ணி. இங்க பாருங்க, மிஷினுக்கு பிளக்கே போடலை!"

ரா சுகுடு குனிந்து, தரையில் கிடந்த பிளக்கை நன்றாகப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது.

"எழுதிக்கொள்ளுங்கள், குமாஸ்தா. இயந்திரம் மின்சாரமே இல்லாமல் சூடாக்குகிறது. இது கோளாறு இல்லை. இது சிக்கனம்."

"அறுபது வேணும் ரா. மேட்ரன் அறுபது கேக்குறாங்க."

"நாற்பத்து மூன்று இன்றைக்கு வந்திருக்கிறது ம்மா. மீதி பதினேழு படிப்படியாக வரும். வளர்ச்சி என்பது அப்படித்தான்."

இயந்திரத்தின் கழுத்தில் நீல ரிப்பன் கட்டி வெட்டினார்கள். கோளாறு இல்லை என்று சான்றிதழ் வழங்கப்பட்டு, சலவைக்கூடச் சுவரில் ஆணியடித்து மாட்டப்பட்டது. அதிலிருந்து இரண்டு உத்தரவுகள் பிறந்தன. இயந்திரம் நன்றாக இருப்பதால் ஆஸ்பத்திரி வளாகத்தில் இனி அடுப்பு மூட்டக் கூடாது. பானைகள் வெளியேற வேண்டும். இயந்திரம் நன்றாக இருப்பதால் உதிரி ஹீட்டர் தேவையற்ற பொருள். அரசு ஏலத்தில் விடப்படும்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மேட்ரன் தன் சொந்த வெப்பமானியோடு வந்தார். இருபத்திரண்டு டிகிரி. சுவரில் இருந்த சான்றிதழைப் படித்தார்.

"இதை விரிச்சு இது மேல பிள்ளை பெத்துக்க முடியாது போனோலோ. அலமாரியில இருக்கிற வெந்த விரிப்பெல்லாம் இந்த மாசக் கடைசி வரைக்கும் தாங்கும். நவம்பர் ஒண்ணாந்தேதி வார்டைப் பூட்டுறேன். எனக்கும் வேற வழி தெரியலை."

ம்மா போனோலோ கடைசிப் பானையைக் கவிழ்த்துச் சாம்பலைத் தட்டினார். நான் சுவர்ப் பக்கம் திரும்பவே இல்லை. அந்தச் சான்றிதழை அடித்ததும் நான்தானே.

ஏலம் அக்டோபர் முப்பதாம் தேதி, கிடங்கு வாசலில். கால் ஒடிந்த நாற்காலிகள், கண்ணாடி போன கடிகாரம், யாரும் ஏறிப் பார்க்காத எடை இயந்திரம் எல்லாம் போனபிறகு, ஏலக்காரர் பட்டியலைப் பார்த்துக் கூவினார்: "பதினாலாம் பொருள்! வளைந்த கம்பி ஒன்று, உபயோகம் தெரியவில்லை!"

செபாகோ கையைத் தூக்கினான். பின்னாலிருந்து இன்னொரு கையும் உயர்ந்தது. சோளக்கள் காய்ச்சி விற்கும் ரா மொலோகி. அவருக்கு அது எதற்கு என்று நன்றாகவே தெரிந்திருந்தது. செபாகோ ஏற்றினான், அவரும் ஏற்றினார். செபாகோவின் சட்டைப் பை அதற்கு மேல் தாங்காது என்பது அவன் முகத்தில் தெரிந்தது. ம்மா போனோலோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக ரா மொலோகியிடம் போனார்.

"மொலோகி. உன் மூணு பிள்ளைங்களும் பொறந்த விரிப்பை யாரு துவைச்சது?"

"நீங்கதான் ம்மா."

"மூத்தவன் பொறந்தப்ப நீ பயந்துபோய் மயங்கி விழுந்தியே, அந்த விரிப்பையும் நான்தான் துவைச்சேன். அதுல என்னெல்லாம் இருந்துச்சுன்னு இங்க சொல்லட்டா?"

ரா மொலோகியின் கை இறங்கியது. ஹீட்டர் ஒரு சேவலின் விலைக்குச் செபாகோவுக்கு முடிந்தது. கண்ணாடித் தாளின் மேல் இலாகாவின் சிவப்பு முத்திரை அப்படியே இருந்தது. ஆகவே முத்திரையிட்ட பாகத்தைத்தான் மாட்டினான், விதி எங்கேயும் மீறப்படவில்லை.

பன்னிரண்டு எட்டு நடந்தான். முதுகுத் தகட்டைக் கழற்றினான். பழைய ஹீட்டரை உருவினபோது அது கம்பியாகவே இல்லை, நீளமான சுண்ணாம்புக் கட்டியாக வந்தது. ஓரிடத்தில் வெடித்துக் கறுத்திருந்தது. புதியதைச் செருகி, ரப்பரை அழுத்தி, நட்டை இறுக்கி, ஒயர்களை மாட்டி, பிளக்கைப் போட்டான். பதினான்கு நிமிஷம். ம்மா போனோலோ வாயைத் திறக்கவில்லை.

தொட்டி நிரம்பிச் சுழல ஆரம்பித்தது. அவர் கண்ணாடியில் கையை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். பிறகு கன்னத்தை வைத்து அப்படியே நின்றார்.

"சுடுது," என்றார். "சுடுதுடா, செபாகோ." அழுதார். நானும்தான்.

மேட்ரனின் வெப்பமானி அறுபத்தொன்று காட்டியது. வார்டு பூட்டப்படவில்லை. நவம்பர் ஆறாம் தேதி காலை வாமேவுக்குப் பெண் குழந்தை பிறந்தது, இன்னும் சூடு ஆறாத வெள்ளை விரிப்பின் மேல். பக்கத்தில் காளை எதுவும் நிற்கவில்லை.

இத்தோடு கதை முடிந்தது என்று நினைத்தோம். அப்படி நினைப்பவர்களுக்கு இலாகாவைத் தெரியாது.

நவம்பர் இரண்டாம் வாரம் கபரோனிலிருந்து செபாகோவின் மீட்டர் திரும்பி வந்தது, நல்ல மனநிலையில் இருப்பதாகச் சீட்டு ஒட்டி. கூடவே கடிதம்: நிலுவையில் உள்ள படிவம் பதினேழை உடனே அளந்து நிரப்பி அனுப்பவும். செபாகோ நேர்மையானவன், அதுதான் அவனுடைய கோளாறு. புது ஹீட்டரை அளந்தான், வந்ததை எழுதினான்: இருபத்தேழு.

எண் என்றால் எண். கையேட்டில் இருக்கும் அதே எண். ஐந்தரை மாதத்தில் முதல்முறையாகப் படிவத்தில் எல்லாக் கட்டமும் சரியாக நிரம்பியிருந்தது. இலாகா அதை ஒரே நாளில் ஏற்றுக்கொண்டது. நவம்பர் இருபத்தொன்றாம் தேதி ரா சுகுடு தானே நேரில் உத்தரவோடு வந்தார்.

"மகிழ்ச்சியான செய்தி. ஹீட்டரில் கோளாறு இருப்பது ஐயமற உறுதியாகிவிட்டது. மாற்ற அனுமதி அளிக்கப்படுகிறது."

"மாத்தியாச்சு ரா," என்றான் செபாகோ. "இப்ப இருக்கிறது நல்ல ஹீட்டர்."

"நல்ல ஹீட்டருக்கா அனுமதி கொடுப்போம்? படிவத்தில் நீங்கள்தானே எழுதினீர்கள்? ஆகவே, இப்போது உள்ளே இருப்பதைக் கழற்றி முத்திரையிட்டு என்னிடம் ஒப்படைக்க வேண்டும். மாற்று ஹீட்டர் கிடங்கில் இல்லை. ஏனோ ஏலத்தில் போயிருக்கிறது, அதை விசாரிக்கத் தனிக் குழு வரும். புதிது வரும்வரை இயந்திரத்தை நிறுத்தி வைக்கவும்."

அந்த உத்தரவு ஒரே ஒரு காகிதம். விதிப்படி மூலத்தை அவர் காட்ட வேண்டும், நகலை நான் அடிக்க வேண்டும், அடித்த பிறகே அது செல்லும். என்னிடம் நீட்டினார். அதே நேரம் தேநீர் வந்தது. ஒரு கையில் கோப்பை, மறு கையில் மக்வின்யா. இடைஞ்சலாக இருக்கிறது என்று காகிதத்தை மடித்து மேலங்கியின் உள்பைக்குள் செருகிக்கொண்டார். "தேநீர் முடியட்டும், குமாஸ்தா" என்றார். மக்வின்யாவைக் கடித்தார். எண்ணெய் நெஞ்சில் வழிந்தது.

"அய்யோ ரா, வெள்ளை அங்கி!" என்று ம்மா போனோலோ வந்தார். முதுகில் போர்வைக்குள் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தது. "கழட்டிக் குடுங்க. எண்ணெய்க் கறை ஆறவிட்டா அப்புறம் போகாது. தொண்ணூறு டிகிரியில போட்டுத் தர்றேன்."

"கறையோடு கோட்லாவுக்குப் போக முடியாதுதான்," என்று ரா சுகுடு கழற்றிக் கொடுத்தார்.

"பையில ஏதாவது இருக்கா ரா?"

அவர் வெளிப்பைகளைத் தட்டிப் பார்த்தார். "ஒன்றுமில்லை ம்மா."

ம்மா போனோலோ அங்கியைத் தூக்கிப் பிடித்தார். உள்பையில் காகிதத்தின் ஓரம் எட்டிப் பார்த்தது. அவர் பார்த்துவிட்டார். நான் பார்த்ததையும் பார்த்துவிட்டார்.

"ஒலெபிலே, நீதான் எல்லாத்தையும் கவனிச்சு எழுதுறவன். நீ சொல்லு. பையில ஏதாவது இருக்கா?"

பதின்மூன்று வருஷ உத்தியோகத்தில் நான் பார்த்ததைக் கூட்டியோ குறைத்தோ எழுதியிருக்கிறேன். பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொன்னதில்லை. அவர் முதுகில் குழந்தை ஒருமுறை தும்மியது.

"இல்லை ம்மா," என்றேன். "நான் பார்த்துட்டேன்."

தொண்ணூறு டிகிரி, இரண்டு முறை அலசல். ரா சுகுடு இயந்திரத்தின் முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தன் அங்கி சுழல்வதைப் பார்த்தபடி நான்கு மக்வின்யா தின்றார். நடுவில் ஆர்வம் தாங்காமல் எழுந்துபோய்க் கண்ணாடியில் கையை வைத்தார்.

"அடேயப்பா! சுடுகிறதே!" கையை உதறிக்கொண்டார். "பார்த்தீர்களா ம்மா? இலாகா கை வைத்தால் இப்படித்தான்."

அங்கி அப்பழுக்கில்லாமல் வந்தது. உள்பையில் மட்டும் கொஞ்சம் கஞ்சி மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. மூலம் போனால் உத்தரவு இல்லை. உத்தரவு இல்லாவிட்டால் படிவம் பதினேழிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். இலாகாவின் விதி அது, அதைவிட நல்ல விதியை நான் இதுவரை படித்ததில்லை. ரா சுகுடு வருத்தப்படவில்லை. புறப்படுமுன் புதுப் படிவம் ஒன்றை எடுத்து, சிரித்தபடி என் மேசையில் வைத்தார்.

அதை மறுநாள் நான்தான் தபாலில் சேர்த்தேன். அளவீட்டுக் கட்டத்தில் செபாகோ முத்துமுத்தான கையெழுத்தில் எழுதியிருந்தான்: முடிவிலி.